ஆறாம் பக்கத்தில் இருப்பவன்

1

ஊரிலிருந்து போனில் யாராவது “ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பித்தால் நான் முதலில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொள்வேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அந்த வார்த்தைக்குப் பின்னால் சின்ன விஷயம் எதுவும் வந்ததில்லை.

நாங்கள் கனடாவில் வந்து இறங்கிய நாள் ஜூலையில் வரும். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு என் மனைவி மெர்சி பிரியாணி செய்வாள். வின்னிபெக்கில் சீரகச் சம்பா கிடைக்கிறது என்பதே எங்களுக்கு ஒரு கொண்டாட்டம்தான். இந்த வருடம் அரிசி ஊறிக்கொண்டிருந்தபோது ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து என் தங்கை கிரேசி கூப்பிட்டாள்.

“அண்ணா, ஒரு சின்ன விஷயம்.”

உட்கார்ந்தேன்.

“அபிஷாவுக்கு இன்ஜினியரிங் சீட் பேசி முடிச்சாச்சு. மேனேஜ்மென்ட் கோட்டா. எந்தக் காலேஜ் சொல்லு பாக்கலாம்? உன் காலேஜ்தான்!”

அபிஷா அவளுடைய ஒரே மகள். என் காலேஜ் என்பது ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பி, கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தையெல்லாம் தாண்டிப் போனால் வரும் ஒரு சின்னத் தனியார் கல்லூரி. நான் படித்த காலத்தில் அதன் பட்டறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே ஒரே ஒரு லேத். அதைத் தொட்டுப் பார்க்கவே ரிக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆய்வுக்குழு வரும் வாரத்தில் மட்டும் நூலக அலமாரி நிறைந்திருக்கும். அடுத்த வாரம் போனால் புத்தகங்கள் வந்த வழியே போயிருக்கும்.

“எவ்வளவு?” என்றேன்.

“பாத்தியா, எடுத்ததும் நீ அதைத்தான் கேப்பேன்னு அவர் சொன்னாரு. இன்ஸ்பெக்டர் ஆரம்பிச்சிட்டியா?”

இன்ஸ்பெக்டர் என்பது எங்கள் வீட்டில் எனக்கு வைத்த பெயர். பால்காரர் ஊற்றும் அளவிலிருந்து பாஸ்டர் படிக்கும் காணிக்கைக் கணக்கு வரை எல்லாவற்றையும் சந்தேகப்படுவேன். அது தப்பென்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

கிரேசி சொன்னதன் சுருக்கம் இது. அபிஷாவுக்குத் தாம்பரத்தில் பழைய உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிடப் போகிறார்கள். இன்ஜினியரிங்குக்காகப் படப்பையில் வாங்கிப்போட்ட மனையை விற்கிறார்கள். அது கைக்கு வரும்வரை முதல் வருடக் கட்டணத்தை நான் போட்டுவிட்டால் நல்லது. சனிக்கிழமை கடைசி நாள்.

“மேத்ஸே நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“பி.எஸ்சி. படிச்சுட்டு என்ன பண்ணுவா? டியூஷன் எடுப்பாளா? நீ அங்க படிச்சுதானே அண்ணா கனடா போன?”

அடுப்பில் வெங்காயம் கருகுகிற வாசனை வந்தது. மெர்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பைத் தணித்தாள்.

2

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கட்டணம். பஸ்ஸுக்கு நாற்பத்தைந்தாயிரம். சேரும்போது ‘டெவலப்மென்ட்’ என்று ஒரு லட்சம், ரொக்கமாக. நான்கு வருடத்துக்கு ஒன்பது லட்சத்தைத் தொடும். சீருடை, ஷூ, லேப் கோட், சிம்போசியம் எல்லாம் இதில் சேராது. அங்கே படித்து முடித்த, கிரேசியின் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாவலூரில் வேலை கிடைத்து மாதம் பதினெட்டாயிரம் வாங்குகிறானாம். அவன் அறை வாடகையும் சாப்பாடும் போக மீதியை வைத்து ஒன்பது லட்சத்தை எப்போது திரும்ப எடுப்பான் என்று கூட்டிக் கழித்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை எனக்கு ஏழரை மணி, அங்கே மாலை ஆறு. அட்மிஷன் காலத்தில் ஆறு மணிக்கும் கல்லூரியில் ஆள் இருப்பார்கள் என்று தெரியும். பெற்றோர் போலப் பேசினேன்.

“வணக்கம் சார், சொல்லுங்க சார்,” என்றார் ஒருவர். இளம் குரல்.

“போன வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல எத்தனை பேர் முடிச்சாங்க? அதுல எத்தனை பேருக்கு வேலை கெடச்சுது?”

“நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட் சார்.”

“நூறு பர்சன்ட்னா எத்தனை பேரு?”

“எலிஜிபிள் ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்குமே சார்.”

“எலிஜிபிள்னா யாரு?”

“அரியர் இருக்கக்கூடாது சார். டிரெய்னிங் எல்லாம் அட்டெண்ட் பண்ணியிருக்கணும். கம்பெனி கேக்கற மாதிரி இருக்கணும்.”

“அதாவது, கம்பெனி எடுத்துக்கிட்டவங்கதான் எலிஜிபிள்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கரெக்ட்டா சொன்னீங்க சார்,” என்றார். கிண்டலே இல்லை. யாரோ தன் வேலையைச் சுலபமாக்கிக் கொடுத்த நிம்மதிதான் அந்தக் குரலில் இருந்தது.

“டெவலப்மென்ட் ஃபீஸுக்கு ரசீது தருவீங்களா?”

“அது டிரஸ்ட்டுக்குப் போவுது சார். நம்பிக்கையா கட்டலாம். நம்ம பசங்க ஃபாரின்ல எல்லாம் பெரிய பெரிய பொசிஷன்ல இருக்காங்க. நம்பர் குடுங்க சார், ப்ரோஷர் அனுப்பறேன்.”

வாட்ஸ்அப்பில் எட்டுப் பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் கட்டடம், அதன் பின்னால் ஊரில் இல்லாத ஒரு மலை. இரண்டாம் பக்கத்தில் தாளாளரின் செய்தி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பொய்யைப் பிடித்துச் சந்தோஷமாக முன்னேறிக்கொண்டிருந்தேன். ஆறாம் பக்கத்தின் தலைப்பு ‘எங்கள் பெருமை’. பன்னிரண்டு முகங்கள். மேல் வரிசையில் மூன்றாவது முகம் என்னுடையது.

3

கோட்டும் டையுமாக, ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறேன். கீழே, ‘லாஜிஸ்டிக்ஸ் தலைவர், வட அமெரிக்கா. ஆண்டு பேக்கேஜ்: 33 லட்சம்.’

அந்தக் கட்டடம் நான் குடியுரிமைத் தேர்வு எழுதப்போன அரசு அலுவலகம். கோட்டு, மெர்சியின் தோழி திருமணத்துக்காக வாங்கியது. நான் வேலை செய்வது உறைந்த உணவு வைக்கும் ஒரு கிடங்கில். அங்கே நான் ‘ஷிஃப்ட் லீட்’. காலையில் பட்டியலை வாங்கி, எந்தப் பெட்டி எந்த லாரிக்கு என்று எட்டுப் பேருக்குச் சொல்லி, நானும் அவர்களோடு சேர்ந்து தூக்குகிறவன். பட்டாணி, மீன் துண்டு, ஐஸ்கிரீம். இருபது டிகிரி மைனஸில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்.

என் பக்கத்து முகம் முரளி. மேற்குத் தாம்பரத்துக்காரன், என் வகுப்புத் தோழன். ‘ஆபரேஷன்ஸ் ஹெட், துபாய்.’ படிக்கும்போது கேன்டீனில் என்னைப் பார்த்தால் முதல் கேள்வியே “இன்னா மச்சான், இந்த செம்லயும் அரியர் கீதா?” என்பதுதான். அவன் மட்டும் எப்படி இவ்வளவு தூரம் போனான் என்று பல வருடமாக நினைத்ததுண்டு.

என் மகள் நிஷா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. பள்ளியை முடித்துவிட்டு, கல்லூரிக்கு ஒரு வருடம் கழித்துப் போகலாம் என்று சொல்லி, செடிகள் விற்கும் கடையில் வேலை செய்கிறாள். நான் கேட்டால் தோளைக் குலுக்குவாள். தமிழ் பேசுவாள், ஆனால் குறில் நெடில் எல்லாம் அவள் இஷ்டம்.

“அப்பா, இது நீங்க! இந்தக் காலேஜ்தான் நீங்க பொய் வந்ததா?”

போய் வந்ததா என்று கேட்கிறாள். மற்ற நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன்.

4

அந்தப் பேக்கேஜ் எப்படி வந்தது என்று யோசித்தேன். தோண்டிப் பார்த்தால் குற்றவாளி நான்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் கல்லூரியிலிருந்து பழைய மாணவர் படிவம் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. பதவி என்ற இடத்தில் ‘லீட்’ என்று மட்டும் எழுதினேன். ஷிஃப்ட் என்ற சொல்லைச் சாப்பிட்டுவிட்டேன். துறைக்கு லாஜிஸ்டிக்ஸ். படத்துக்கு அந்தக் கோட்டு. சம்பளத்துக்கு ஓவர்டைம், போனஸ், கொஞ்சம் ஆசை எல்லாவற்றையும் சேர்த்து டாலரில் ஒரு முழு எண். கல்லூரி அதை ரூபாயால் பெருக்கிவிட்டது. நம் ஊரில் வெளிநாட்டுச் சம்பளத்தை மட்டும்தான் பெருக்குவார்கள். இங்கே நான் கொடுக்கும் வாடகையையும் தக்காளி விலையையும் இதுவரை யாரும் பெருக்கிப் பார்த்ததில்லை.

ஏன் அப்படி எழுதினேன்? அப்பாவுக்காக. என்னைப் படிக்க வைக்க அவர் சேலையூர் மனையில் முன்பக்கப் பாதியை விற்றார். மீதிப் பாதியில், வழி இல்லாத மூலையில், ஆயுள் முழுக்க இருந்தார். நான் படிப்பை முடித்ததும் மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தேன். என் பக்கத்தில் நின்றவர்கள் ஐ.டி.ஐ. முடித்தவர்கள். ஒரே ஷிஃப்ட், ஒரே சம்பளம், ஒரே பஸ். அப்பா என்னிடம் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆண்டு மலரில் என் படம் வந்ததும் அந்தப் பக்கத்தை லாமினேட் செய்து முன்னறையில் மாட்டினார். சர்ச்சிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பாதி மனைக்கு நான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது அந்தப் பக்கம் ஒன்றுதான்.

அவர் போனபின் கிரேசி அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். அதன் கீழேதான் அபிஷா வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள்.

கனடாவுக்கு நான் வந்தது அந்தப் படிப்பால் அல்ல. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மெர்சி அரசு மருத்துவமனை ஒன்றின் நர்சிங் பள்ளியில் படித்தவள். படிக்கும்போதே அவளுக்கு மாதா மாதம் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். கனடாவுக்கு வேண்டியது அவளைத்தான். விண்ணப்பத்தில் அவள் முதல் பக்கம், நான் ‘உடன் வரும் கணவர்’. ஊரில் எல்லோரும் இன்ஜினியரோடு நர்ஸும் போனாள் என்று பேசிக்கொண்டார்கள். மெர்சி ஒருமுறைகூட மறுக்கவில்லை. நானும் திருத்தவில்லை.

என் பட்டத்தை இங்கே மதிப்பிட, கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலைப் போட்டு மூடி முத்திரையிட்ட உறை வர வேண்டும். ஒன்பது மாதம் அலையவிட்டார்கள். ‘நேரில் வரவும்’ என்று கனடாவுக்குப் பதில் போட்டார்கள். கடைசியில் மதிப்பீட்டு நிறுவனம் அதை இரண்டு வருட டிப்ளமோவுக்குச் சமம் என்றது. நாலு வருடத்தில் பாதியைக் கழித்துவிட்டார்கள். முதல் வாடகை வீட்டுக்குப் படிவம் எழுதும்போது வீட்டுக்காரர், அரியர்ஸ் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் உண்மை விளம்பியாக, “இரண்டு, மேத்ஸில். ஆறாவது செமஸ்டரில் முடித்துவிட்டேன்” என்றேன். அவர் வாடகை பாக்கியைக் கேட்டார் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்த ஆங்கிலத்தில் அந்த ஒரு வார்த்தைதான் உறுதியாக நின்றது, அதற்கும் இங்கே வேறு அர்த்தம்.

5

வியாழக்கிழமை காலை கிரேசியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிடங்கு, ஷிஃப்ட், கோட்டு, மெர்சி. மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

“அண்ணா, முதல் வருஷ ஃபீஸ் போட மனசில்லைன்னா நேராவே சொல்லியிருக்கலாம்.”

“கிரேசி, நான்...”

“இல்ல, எனக்குப் புரியுது. கஷ்டம்னா கஷ்டம்னு சொல்லு. அதுக்காக மூட்டை தூக்கறேன்னு எல்லாம் கதை கட்டாத. அப்பா மாட்டி வெச்ச படம் இங்கதான் இருக்கு.”

எனக்கு ஆத்திரம் வந்தது. பத்தொன்பது வருடம் பொய் சொன்னேன், நம்பினாள். ஒரே ஒரு நாள் உண்மை சொன்னால் இன்ஸ்பெக்டருக்கே விசாரணை.

போனை அவள் கணவர் செல்வின் வாங்கினார். அவர் ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போனவர்கள். அவர் அங்கேயே நிலைத்து, நிரந்தரமாகி, வீடு கட்டி, படப்பையில் மனையும் வாங்கினார். அந்தக் கம்பெனி பஸ்ஸில் உருப்பட்டவர் என்று நான் யாரையாவது சொல்வதென்றால் அவரைத்தான் சொல்வேன்.

“மாப்பிள்ளை, அந்த மனைய வித்துடாதீங்க. காலேஜ்ல போட்டா திரும்பி வராது.”

“வராதுன்னு எனக்கும் தெரியும் மச்சான்,” என்றார்.

“அப்புறம் எதுக்கு?” என்றேன்.

“எனக்கு மேல இப்ப ஒரு இன்ஜினியர் வந்துருக்கான். இருபத்தி நாலு வயசு. மெஷின் சத்தத்த வெச்சே கோளாறு என்னன்னு நான் சொல்லிடுவேன். அவன் என்கிட்ட கேட்டுகினு போயி ரிப்போர்ட்ல அவன் பேரு எழுதறான். கூப்பிடும்போது ‘யோவ் செல்வின்’. இருபத்தாறு வருஷ சர்வீஸ் மச்சான். என் பொண்ண எவனும் அப்படிக் கூப்பிடக்கூடாது. அதுக்குத்தான் மனை. அவ்ளோதான்.”

என் பென்சில் கணக்கில் இதற்கு ஒரு வரி இல்லை. அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

“சரி மாப்பிள்ளை,” என்றேன். “ஒண்ணே ஒண்ணு. அபிஷாவ ஒரு தடவ என்கூட வீடியோல பேசச் சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.”

6

வெள்ளிக்கிழமை பத்து மணி இடைவேளையில், தடித்த கோட்டும் குல்லாயும் மாட்டிக்கொண்டு கிடங்கின் ஃப்ரீஸருக்குள் நின்றபடி கூப்பிட்டேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். திரையில் அபிஷா, அவளுக்குப் பின்னால் சுவரில் லாமினேட் செய்த நான்.

“மாமா, என்ன இது, மூக்கெல்லாம் செவந்து கெடக்கு?”

போனைத் திருப்பிக் காட்டினேன். கூரை வரை அடுக்கிய பெட்டிகள். பனி படிந்த இரும்புச் சட்டங்கள். ஃபோர்க்லிஃப்டில் வந்த எங்கள் ஆள் ஒருவன் என்னைப் பார்த்து, மீன் பெட்டி எங்கே என்று கத்தினான். நான் கையைக் காட்டினேன். ஒரு பெட்டியைத் தூக்கியும் காட்டினேன். பதினெட்டு கிலோ பட்டாணி.

“இதுதான் அபி, வட அமெரிக்கா. இங்கதான் நான் தலைவர்.”

அவள் சிரிக்கவில்லை. திரையின் ஓரத்தில் கிரேசியின் முகம் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சுவரில் இருந்த என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்துபோனாள். எனக்கு அந்த நிமிடம் அப்பாவிடமே சொல்லிவிட்டது போல இருந்தது. அழுகை வந்தது. ஃப்ரீஸருக்குள் அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும், அதனால் அடக்கிக்கொண்டேன்.

“வேலை கேவலம்னு சொல்ல வரல அபி. இதுல கெடச்ச சம்பளத்துலதான் எங்க வீடு ஓடுது. ஆனா இந்தப் பெட்டியத் தூக்க உங்க தாத்தா பாதி மனைய வித்திருக்க வேண்டாம். அதை மட்டும்தான் சொல்றேன்.”

அபிஷா, காலேஜில் கொடுத்த ப்ரோஷரை எடுத்து விரல் வைத்துப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் இன்னொரு இன்ஸ்பெக்டர் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“மாமா, அப்போ உங்க பக்கத்துல இருக்கற மத்த பதினோரு பேரு?”

நான் வாயைத் திறந்தேன். ஃப்ரீஸருக்குள் போன் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. திரை கறுத்துப்போனது.

சனிக்கிழமை காலை கிரேசியிடமிருந்து ஒரு படம் வந்தது. தாம்பரம் கல்லூரியின் ரசீது, பி.எஸ்சி. கணிதம், முதல் வருடம். அதோடு ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு மாதம் ஆகிவிட்டது, இன்னும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. செல்வின் மட்டும் ஒரு நாள், “மனை அப்படியே இருக்கு மச்சான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதில் சந்தோஷம் இருந்ததா, குற்றச்சாட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதினேன். அதற்கு நான் அங்கே படித்தவன்தான் என்பதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டுமாம்.

அபிஷாவின் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறாம் பக்கத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, முரளியைப் பார்த்தேன். அவனும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால்தான் நிற்கிறான். அவன் கோட்டின் கை, மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை வந்திருந்தது. பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவன் எண்ணைத் தேடி எடுத்து எழுதினேன்.

“மச்சான், உண்மையைச் சொல்லு. அந்தக் கட்டடம் உன் ஆபீஸ்தானா?”

இரண்டு நீல டிக்குகள் உடனே விழுந்தன. மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் காலை, கிடங்குக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது வந்தது.

“உன்னுது?”